கேனோவில் மாற்றுத் துடுப்பு: எதை எடுப்பது, எங்கே வைப்பது, எப்படிக் கட்டுவது

கேனோ என்பது துடுப்பால் ஓட்டும், மேலே திறந்த சிறு படகு. அதில் இருவர் போனால் மூன்று துடுப்பு வேண்டும். தனியாகப் போனால் இரண்டு. சென்னையில் சொந்தமாகக் கேனோ வைத்திருப்பவர்கள் குறைவுதான், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் இதை அறிந்தே கூடுதல் துடுப்பு ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள். படகில் அது எப்படிக் கிடக்கிறது என்று பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. ஒன்று, தண்ணீர் பாட்டில், சாப்பாட்டுப் பை எல்லாவற்றுக்கும் அடியில் சும்மா கிடக்கும். அல்லது நைலான் கயிற்றால் நாலு சுற்றுச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கியிருக்கும். முதல் வகை, படகு கவிழ்ந்த நொடியில் மிதந்து போய்விடும். இரண்டாம் வகை படகோடு பத்திரமாக இருக்கும், ஆனால் தேவைப்படும்போது கைக்கு வராது.

மாற்றுத் துடுப்புக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. படகு தலைகீழானாலும் அது படகை விட்டுப் போகக்கூடாது. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரே கையால், கண்ணால் தேடாமல், அதை எடுக்க முடிய வேண்டும். இவை ஒன்றுக்கொன்று எதிரானவை. இறுக்கினால் எடுப்பது கடினம், தளர்த்தினால் நிற்காது. இரண்டையும் சேர்த்துச் சாதிக்க ஒரு முறை இருக்கிறது. அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

காரில் ஸ்டெப்னி டிக்கிக்குள், பெட்டிகளுக்கு அடியில் கிடந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு நிதானமாக இறக்கலாம். தண்ணீரில் ஓரம் கட்ட முடியாது. துடுப்பில்லாத படகு நிற்பதில்லை, காற்றும் நீரோட்டமும் அதை எடுத்துப் போய்க்கொண்டே இருக்கும்.

நம் ஊர்த் தண்ணீரில் துடுப்பு எப்படிப் போகிறது

துடுப்பு உடைவதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். பாறையும் பாய்ச்சலும் உள்ள மலை ஆறுகளில் அது சரி. சென்னையைச் சுற்றி நமக்கு வாய்த்தது முட்டுக்காடு, கோவளம் உப்பங்கழி, எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி. எல்லாம் ஆழம் குறைந்த, அடியில் சேறுள்ள நீர்நிலைகள். பழவேற்காடு, ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்புநீர் ஏரி. அவ்வளவு பரப்பு இருந்தும் பல இடங்களில் ஒரு மீட்டர் ஆழம்கூட இருக்காது. இப்படிப்பட்ட இடத்தில் துடுப்பு உடைவதைவிடச் சேற்றில் மாட்டிக்கொள்வதே அதிகம். மேட்டில் தட்டிய படகைத் தள்ளத் துடுப்பைக் கீழே ஊன்றுகிறோம், அது அரை அடி சேற்றில் இறங்குகிறது, படகு விடுபட்டு நகர்கிறது, துடுப்பு அங்கேயே நிற்கிறது. பிடியை விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் படகு கவிழும். பிடியை விட்டுவிடுவதுதான் சரி. அப்படி விடும் துணிச்சல் வர, இன்னொரு துடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மீன் வலைகளும் இறால் வலைகளுக்கு ஊன்றிய கழிகளும் இன்னொரு காரணம். துடுப்பின் அகலமான நுனிப் பகுதியான தட்டின் விளிம்பு வலைக் கண்ணில் சிக்கினால் வலையை அறுக்கக்கூடாது, அது ஒரு குடும்பத்தின் பிழைப்பு. துடுப்பை அங்கேயே விட்டு, மாற்றுத் துடுப்பால் திரும்பி வந்து பொறுமையாக எடுக்க வேண்டும். பாலத் தூண்களின் அடியில் ஒட்டியிருக்கும் ஆளியும் கொட்டலசும் கத்திபோல வெட்டும். தூணைத் துடுப்பால் தள்ளும்போது கை வழுக்குவதும் நடக்கிறது.

எல்லாவற்றையும்விடக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். துடுப்பு தண்ணீரோடு தண்ணீராகத் தாழ்ந்து மிதக்கும், காற்று அதை அதிகம் தொடாது. கேனோவின் பக்கவாட்டு உயரமானது, காற்று முழுதும் அதில் மோதும். ஆகவே துடுப்பு விழுந்த பிறகு அது நம்மை விட்டு விலகுவதில்லை, நாம்தான் அதை விட்டு விலகுகிறோம். நல்ல காற்றில் கையெட்டும் தூரம் இரண்டு படகு நீளமாக மாற நீண்ட நேரம் ஆகாது. கோடையில் முற்பகல் முடியும்போதோ மதியத்திலோ கடல்காற்று எழுந்தால் அது படகைக் கரைப்பக்கம் தள்ளும், அது பரவாயில்லை. மே முதல் ஜூலை வரை மேற்கிலிருந்து காற்று வீசும் நாட்கள்தான் கெட்டவை. கடல்காற்று எழத் தாமதமாகும், மேற்குக் காற்று படகைக் கிழக்கே, முகத்துவாரத்தை நோக்கித் தள்ளும். மணல்திட்டு திறந்திருந்து, நீர் வற்றும் நேரமாகவும் இருந்தால் காற்றும் நீரோட்டமும் சேர்ந்து படகைக் கடலுக்கு இழுக்கும். வடகிழக்குப் பருவமழையில் முகத்துவாரம் வெட்டிக்கொண்டு ஓடும் வாரங்களில் அந்தப் பக்கமே போகாதீர்கள். எத்தனை துடுப்பு இருந்தாலும் போகாதீர்கள்.

முதல் படி: எந்தத் துடுப்பு

பழையது, விரிசல் விட்டது, யாரோ தந்தது என்று கழித்துக்கட்டியதை மாற்றுத் துடுப்பாக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அதை எடுக்கும் நேரம் எது என்று யோசியுங்கள். காற்று ஏறியிருக்கும், கை சோர்ந்திருக்கும், ஒருவேளை படகு ஒருமுறை கவிழ்ந்து நிமிர்ந்திருக்கும். அந்த நேரத்துக்கு உறுதியான துடுப்புதான் வேண்டும்.

இலேசான மரத் துடுப்போ கார்பன் துடுப்போ தினசரிக்கு வைத்திருந்தால், மாற்றுக்கு அலுமினியத் தண்டும் கெட்டி பிளாஸ்டிக் தட்டும் உள்ள ஒன்றை எடுங்கள். எடை ஒரு கிலோவுக்குள்தான் இருக்கும், படகின் சமநிலையை அது மாற்றாது. சேற்றில் ஊன்றலாம், தூணைத் தள்ளலாம், மனம் பதறாது. மேடு தட்டும் பகுதிக்கு வந்ததும் நல்ல துடுப்பை உள்ளே வைத்துவிட்டு இதை எடுப்பவர்கள் உண்டு. அதுவும் நல்ல பழக்கம், மாற்றுத் துடுப்பை அடிக்கடி எடுத்துப் பழகிய கையாகிவிடும். தினசரித் துடுப்பு தண்டில் வளைவுள்ள வகையென்றால் மாற்று நேர்த்தண்டாக இருக்கட்டும். பின்னால் தள்ளவும், படகைத் திருப்பவும், தடுமாறும் படகைத் தாங்கிப் பிடிக்கவும் நேர்த்தண்டு எளிது.

அலுமினியத் தண்டின் இரு முனையும் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடும். வாங்கிய அன்றே மொட்டைமாடித் தொட்டியிலோ நீச்சல் குளத்திலோ அரை மணி நேரம் மிதக்க விட்டுப் பார்த்துவிடலாம்.

நீளத்துக்கு ஒரு கணக்கு: படகில் உட்காரும் பலகையில் நிமிர்ந்து உட்காருங்கள். துடுப்பைத் தலைகீழாக்கி, கைப்பிடியைத் தொடைகளுக்கு நடுவே பலகையில் ஊன்றுங்கள். தண்டு முடிந்து தட்டு தொடங்கும் இடம் தாடைக்கும் மூக்குக்கும் நடுவே வர வேண்டும். பெரியவர்களுக்கு மொத்த நீளம் 52 முதல் 60 அங்குலத்துக்குள் அமையும். இருவர் படகில் உயரம் வேறுபட்டால் பின்னால் உட்காருபவரின் அளவுக்கு எடுங்கள். படகைத் திருப்புகிறவர் அவர்தான்.

தனியாகப் போகிறவர்களுக்கு என் பரிந்துரை வேறு. இரு முனையிலும் தட்டுள்ள, இரண்டாகக் கழற்றக்கூடிய கயாக் துடுப்பு ஒன்றை மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் ஒற்றைத் தட்டுத் துடுப்பால் ஒருவர் அகலமான கேனோவை நேராக ஓட்டுவது பெரும்பாடு. இரு பக்கமும் மாறி மாறிப் போடும் துடுப்பு அங்கே பாதி வேலையைக் குறைக்கும். கேனோ அகலமென்பதால் 230, 240 சென்டிமீட்டர் நீளமாவது வேண்டும். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: இரண்டு துண்டும் தனித்தனியாகக் கட்டப்பட்டிருந்தாலும், ஒரு துண்டை மட்டும் எடுத்து உடனே துடுப்புப் போட முடிய வேண்டும். பூட்டுவதெல்லாம் படகு நிதானத்துக்கு வந்த பிறகு.

தட்டிலும் தண்டிலும் பளிச்சென்ற ஆரஞ்சு அல்லது மஞ்சள் டேப் ஒட்டுங்கள். சாம்பல் நிறத் தண்ணீரில் கறுப்புத் துடுப்பு கண்ணுக்குத் தெரியாது. அழியாத மையில் கைபேசி எண்ணையும் எழுதிவையுங்கள். கரையொதுங்கும் பொருளை எடுக்கும் மீனவர்கள் கூப்பிட்டுச் சொல்வார்கள்.

இரண்டாம் படி: கட்டுவதற்கான சாமான்கள்

பாரிமுனைப் பக்கம் கயிறும் இரும்புச் சாமானும் விற்கும் கடைகளில், உள்ளே ரப்பர் இழைகளும் வெளியே பின்னலும் உள்ள எலாஸ்டிக் கயிறு மீட்டர் கணக்கில் கிடைக்கும். "அண்ணே, அஞ்சு மில்லி எலாஸ்டிக் கயிறு, கொக்கி இல்லாம, வெறும் கயிறா வேணும்" என்று கேட்டு வாங்குங்கள். கொக்கி வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்லுங்கள். பைக்கின் பின்சீட்டில் மூட்டை கட்டும் கொக்கி வைத்த எலாஸ்டிக்கைப் படகில் பயன்படுத்தவே கூடாது. உப்புக் காற்றில் அந்தக் கம்பி சீக்கிரம் துருப்பிடிக்கும், கவிழ்ந்த படகுக்கடியில் லைஃப் ஜாக்கெட்டின் வாரில் மாட்டும், இழுத்த வேகத்தில் கைநழுவினால் நேராகக் கண்ணுக்கு வரும்.

எலாஸ்டிக்கைப் பூட்ட ஒரு கட்டை வேண்டும். இதற்குக் காசிமேட்டில் வலைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும் சின்ன மிதவைகளைவிடச் சிறந்தது இல்லை. வலையின் மேல்கயிற்றில் கோப்பதற்காக நடுவில் துளையோடு வரும். ஈரக் கையில் வழுக்காது, துருப்பிடிக்காது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் நன்றாகப் பிடிக்கும் அளவு.

பழைய சைக்கிள் டியூப் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் சும்மாவே தருவார்கள். அதை இரண்டு விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டினால் தண்டில் சுற்றப் பிடிப்பான பட்டை கிடைக்கும். வெல்க்ரோ பட்டை வேலை செய்யும், ஆனால் கோவளத்து நுண்மணல் அதன் கொக்கிகளில் ஏறினால் சில மாதங்களில் பிடி போய்விடும். நன்னீர் ஏரிக்குச் சரி, கழிமுகத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். திருகும் வளையமும் மாட்டுவதானால் எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகில் ஒரு வகை) என்று கேளுங்கள். 304 என்ற வகை உப்புநீரில் சீக்கிரம் கறை பிடித்துப் பொத்தலாகும்.

மூன்றாம் படி: இடம் பிடிப்பது

கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், இடம் தவறினால் எல்லாம் வீண். அதனால் இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள்.

படகைக் கரையில் நிமிர்த்தி வைத்து, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில், வழக்கமான உடையோடும் லைஃப் ஜாக்கெட்டோடும் உட்காருங்கள். லைஃப் ஜாக்கெட் முக்கியம், அது இல்லாமல் எட்டும் இடம் அது போட்டபின் எட்டாது. இடுப்பை நகர்த்தாமல், உடம்பை வெளியே சாய்க்காமல், இரண்டு கையாலும் முன்னும் பக்கமும் துழாவுங்கள். கை எளிதாகத் தொடும் எல்லையைச் சாக்பீஸால் குறியுங்கள். மாற்றுத் துடுப்பின் கைப்பிடி அந்த எல்லைக்குள் வர வேண்டும். முதுகுக்குப் பின்னால் வைத்த துடுப்புக்காகத் திரும்புகிறவர், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் படகைத் தானே கவிழ்க்கிறார்.

இருவர் படகில் துடுப்பு நீளவாக்கில் ஒரு பக்கச் சுவரை ஒட்டிக் கிடக்கட்டும். தட்டு முன்பக்கம், கைப்பிடி பின்னால் இருப்பவரை நோக்கி. படகின் இரு விளிம்பையும் இணைக்கும் குறுக்குச் சட்டங்களுக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று கேட்பார்கள். நான் கீழே என்பேன். மேலே வைத்தது ஏறி இறங்கும்போது மிதிபடும், வலைக் கயிற்றில் மாட்டும், நாளெல்லாம் வெயிலில் வேகும். சட்டத்துக்குக் கீழே இருந்தால், படகு தலைகீழாகும்போது துடுப்பு சட்டத்தின் மேல் படுக்கும் அல்லது மிதந்து அடித்தளத்தோடு ஒட்டும். படகை விட்டு வெளியே வர வழியிருக்காது. கால்வைக்கும் இடம் குறையக்கூடாது என்பதற்காகத்தான் சுவரை ஒட்டி வைப்பது.

தனி ஆளென்றால் தட்டை முன்னால் உள்ள குறுக்குச் சட்டத்துக்கு அடியில் செலுத்தி, கைப்பிடியைத் தொடைக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். முழங்காலிட்டு ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாதங்கள் பலகைக்கு அடியில் மடங்கியிருக்கும். அந்தப் பகுதியில் தண்டோ கயிறோ குறுக்கே போகவே கூடாது. படகு கவிழும்போது கால் வழுக்கிக்கொண்டு வெளியே வர வேண்டும், தண்டுக்கும் பலகைக்கும் நடுவே கணுக்கால் மாட்டினால் தலை தண்ணீருக்கடியில் இருக்கும். துடுப்பு எங்கே எட்டும் என்பதைவிடக் கால் எப்படி வெளியே வரும் என்பது பெரிய கேள்வி. இரண்டும் மோதினால் காலுக்கு வழிவிடுங்கள், துடுப்பை நகர்த்துங்கள்.

குழந்தையை நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனால் அந்தப் பக்கச் சுவரை வெறுமையாக விட்டு, துடுப்பை மறுபக்கம் மாற்றுங்கள்.

நான்காம் படி: ஒரு முனை நுழைப்பு, ஒரு முனை பூட்டு

முறையின் மையம் இதுதான். இரண்டு இடத்தில் பிடிப்பு வேண்டும், ஆனால் ஒரே இடத்தில்தான் அவிழ்க்கும்படி இருக்க வேண்டும். முன்பிடிப்பில் துடுப்பை நுழைக்கிறோம், அங்கே கட்டும் இல்லை முடிச்சும் இல்லை. பின்பிடிப்பில் மட்டும் பூட்டுகிறோம். பூட்டைத் திறந்து கைப்பிடியைத் தன் பக்கம் இழுத்தால் முழுத் துடுப்பும் வழுக்கிக்கொண்டு கைக்கு வரும்.

முன்பிடிப்புக்கு ஒரு உறை தைத்துக்கொள்ளலாம். பழைய பிளெக்ஸ் பேனர் துணி இதற்கு அருமையாக உதவும். தண்ணீர் ஏறாது, மலிவு, நம் ஊரில் கிடைக்காத தெரு இல்லை. தட்டின் அகலம் பெரும்பாலும் 20 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். இரு பக்கமும் இரண்டு விரல் இடம் விட்டு, ஒரு சாண் ஆழத்துக்குப் பையாகத் தைத்து, அடியில் தண்ணீர் வடிய ஒரு ஓட்டை விடுங்கள். செருப்புத் தைப்பவரிடம் கொடுத்தால் மெழுகு நூலில் உறுதியாகத் தைத்துத் தருவார். பையின் வாயை முன் சட்டத்தின் அடிப்பக்கம் இரண்டு இடத்தில் கட்டுங்கள். பை தைக்க வசதியில்லையென்றால், தட்டு நுழையும் அளவு எலாஸ்டிக் வளையம் ஒன்றைச் சட்டத்தில் நிரந்தரமாகக் கட்டினாலும் போதும்.

சட்டத்தில் துளையிட வேண்டாம். மரச் சட்டம் துளையிட்ட இடத்தில்தான் ஒருநாள் முறியும். அடித்தளத்திலும் பக்கச் சுவரிலும் துளையிடுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. பாலிஎத்திலீன் படகில் பிசின் வைத்து வளையம் ஒட்டப் பார்க்காதீர்கள், சாதாரணப் பிசின் எதுவும் அந்தப் பிளாஸ்டிக்கில் பிடிக்காது. ஃபைபர் படகில் ஒட்டலாம்.

பின்பிடிப்புக்கு, சட்டத்தையும் தண்டையும் சேர்த்து ஒரு நூலால் சுற்றி அளவெடுங்கள். அந்த அளவைவிடக் கால் பங்கு குறைவான நீளத்தில் எலாஸ்டிக்கின் வளையம் அமைய வேண்டும். பூட்டும்போது அது இழுபட்டு நிற்கும். முடிச்சுக்கும் மிதவை கோப்பதற்கும் ஒரு சாண் கூடுதலாக வெட்டுங்கள். வெட்டிய நுனிகளைத் தீக்குச்சியால் உருக்கி அடைக்காவிட்டால் பின்னல் பிரிந்துவிடும். ஒரு முனையில் மிதவையைக் கோத்து, அது கழலாதபடி இரட்டை முடிச்சுப் போடுங்கள். மறுமுனையை, மிதவை சற்று அழுத்தினால் மட்டுமே நுழையும் அளவுக்கு வளையமாக்குங்கள். நடுப்பகுதியைச் சட்டத்தில் ஒரு சுற்றுச் சுற்றினால் கயிறு இடம் மாறாது. தண்டுக்குக் கீழாக எலாஸ்டிக்கைக் கொண்டுவந்து மிதவையை வளையத்தில் மாட்டினால் பூட்டு முடிந்தது. மிதவை மேலே, கை தேடும் பக்கம் நிற்கட்டும்.

துடுப்பு தானாகப் பின்னோக்கி நழுவி உறையை விட்டு வெளியே வராமலிருக்கச் சைக்கிள் டியூப் உதவும். பூட்டிய நிலையில் எலாஸ்டிக் தண்டைத் தொடும் இடத்துக்கு ஒட்டி, தட்டுப் பக்கமாக, டியூப் பட்டையை நாலைந்து சுற்று இறுக்கிச் சுற்றுங்கள். தண்டில் ஒரு சின்ன மேடு உண்டாகும். பூட்டியிருக்கும்வரை அந்த மேடு எலாஸ்டிக்கைத் தாண்டாது, திறந்துவிட்டால் தடையில்லாமல் கடந்துவரும்.

எலாஸ்டிக் கிடைக்காத இடத்தில் கயிறு மட்டும்தான் இருக்கிறதென்றால், இழுத்தால் அவிழும் முடிச்சுப் போடுங்கள். கடைசிச் சுற்றில் நுனியை முழுதும் வெளியே இழுக்காமல் ஒரு மடிப்பாக உள்ளே விட்டு இறுக்க வேண்டும். தொங்கும் நுனியை இழுத்ததும் முழு முடிச்சும் கரையும். அந்த நுனி ஒரு சாணுக்கு மேல் தொங்க வேண்டாம். நனைந்து, பாரம் ஏறி இறுகிய சாதா முடிச்சை ஈர விரலால் அவிழ்க்கவே முடியாது.

இந்தக் கரைக்குக் கட்டும் அவிழ்க்கும் வித்தை புதிதல்ல. கட்டுமரக்காரர்கள் மரங்களைக் கயிற்றால் பிணைத்துக் கடலுக்குப் போய், திரும்பியதும் அவிழ்த்து மணலில் காயவைத்தார்கள். அலையில் பிரியாத கட்டு, கரையில் கைக்குப் பணிந்தது. நம்முடையது அதில் நூறில் ஒரு பங்கு வேலை.

கட்டியபின் படகின் உள்ளே நீளமான கயிறு எதுவும் சுற்றாமல் கிடக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்த கயிறு கவிழ்ந்த படகில் காலைச் சுற்றும். லைஃப் ஜாக்கெட்டின் தோளில் மழுங்கிய முனைக் கத்தி ஒன்று மாட்டிக்கொள்வது நல்லது. கையிலிருக்கும் துடுப்பையே ஒரு கயிற்றால் படகோடு இணைத்துவிட்டால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அமைதியான ஏரியில் செய்யலாம். அலை உடையும் இடத்திலும் முகத்துவாரத்துக்கு அருகிலும் அந்தக் கயிறே உங்களைப் படகோடு கட்டிவிடும், ஆகவே நான் அதை ஏற்பதில்லை.

ஐந்தாம் படி: ஒத்திகை

முதலில் கரையில். படகில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் படகின் விளிம்பைப் பிடித்தபடி மறு கையால் எடுங்கள். பிறகு கை மாற்றி. மிதவையைத் தேட வேண்டியிருந்தால் அது தவறான இடத்தில் இருக்கிறது. மூச்சை இரண்டு முறை இழுத்துவிடும் நேரத்துக்குள் துடுப்பு கையில் இருக்க வேண்டும். அதன்பின் இருவர் சேர்ந்து படகைத் தலைகீழாகத் தூக்கி நன்றாக உலுக்குங்கள். துடுப்பு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் எலாஸ்டிக்கைக் குறையுங்கள்.

அடுத்தது தண்ணீரில், இடுப்பளவு ஆழத்தில், உடன் ஆள் வைத்துக்கொண்டு படகைக் கவிழ்த்துப் பார்ப்பது. இதை அடையாற்றிலோ பக்கிங்ஹாம் கால்வாயிலோ செய்யாதீர்கள். கழிவுநீர் கலக்கும் தண்ணீர் வாய்க்குள் போகும், காலடியில் கண்ணாடியும் கம்பியும் இருக்கலாம். சுத்தமான குளமோ, அலையடங்கிய காலை நேரக் கழிமுக ஓரமோ போதும். எங்கே படகு இறக்குவதானாலும் அங்கே அனுமதி உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பழவேற்காட்டில் 2011 டிசம்பர் 25 அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அங்கே படகு விஷயத்தில் உள்ளூர் மீனவர்களும் அதிகாரிகளும் கண்டிப்பாக இருப்பதில் நியாயம் இருக்கிறது. ஏரியின் ஒரு பகுதி பறவைகள் சரணாலயம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

துடுப்பு போய்விட்டால் வரிசையாகச் செய்ய வேண்டியவை

போன துடுப்பை எட்டிப் பிடிக்கக் கையை நீட்டாதீர்கள். படகுகள் கவிழ்வது பெரும்பாலும் அந்த நீட்டலில்தான். துடுப்பை விட்டவர் "துடுப்பு போச்சு" என்று உரக்கச் சொல்லிவிட்டு, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு முழங்காலையும் அகட்டி உட்கார வேண்டும். மற்றவர் தன் துடுப்பின் தட்டைத் தண்ணீர் மேல் படுக்கவைத்து, ஆட்டத்தைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அவர் அப்படித் தாங்கிக்கொண்டிருக்கும்போது மிதவையைத் தள்ளி, கைப்பிடியை இழுத்து, மாற்றுத் துடுப்பை எடுங்கள். முன்னால் இருப்பவரின் துடுப்பு போயிருந்தால் பின்னால் இருப்பவர் எடுத்துக் கைப்பிடி முன்பக்கம் போகும்படி நீட்டுவார். வீசி எறியக்கூடாது. இருவரும் மறுபடி துடுப்புப் போட்டுப் படகு நேரானபின்தான் போனதைத் தேடுவது. காற்று வந்த திசையில் தேடுங்கள், அங்கேதான் அது கிடக்கும். காற்று உங்களால் எதிர்க்க முடியாத அளவில் இருந்தால் அதை விட்டுவிட்டுக் கரைக்குப் போங்கள்.

படகே கவிழ்ந்துவிட்டால் மாற்றுத் துடுப்பைப் பற்றி அப்போது நினைக்கவே வேண்டாம். ஆட்களை எண்ணுங்கள், படகைப் பிடியுங்கள். நீரோட்டம் இருந்தால் படகுக்கு மேல்பக்கம் இருங்கள், தண்ணீர் நிரம்பிய படகு உங்களைத் தூணோடு நசுக்கக்கூடாது. படகை நிமிர்த்திய பிறகு துடுப்பு கட்டிய இடத்திலேயே இருக்கும்.

காற்றடிக்கும் கேனோ, கயாக்

காற்றடிக்கும் கேனோவில் குறுக்குச் சட்டம் இருக்காது. பி.வி.சி. வளையங்களை அதற்குரிய பசையால் பக்கக் குழாயின் உட்புறம் ஒட்டி, அவற்றில் அதே நுழைப்பு, பூட்டு முறையை அமைக்கலாம். மேல்பரப்பைச் சுத்தமாகத் துடைத்து, பசைக் குப்பியில் சொன்ன நேரம் காயவிடுவதில்தான் அதன் உறுதி இருக்கிறது. வெயிலில் ஒட்டாதீர்கள். தட்டின் கூர் விளிம்பு காற்றுக் குழாயை உரசாமல் உறை கட்டாயம். கோவளத்தில் வாடகைக்குக் கிடைப்பது போன்ற, மேலே உட்கார்ந்து ஓட்டும் கயாக்கில் முன்பக்க எலாஸ்டிக் வலைக்கடியில் இரு துண்டுத் துடுப்பைச் செருகலாம். அலை அதைப் பிடுங்காமலிருக்க, தட்டுகள் ஓட்டுபவரைப் பார்த்தும் தண்டுகள் படகின் மூக்கைப் பார்த்தும் இருக்கட்டும்.

பயணத்துக்கு முன்னும் பின்னும்

குட்டி யானையிலோ கார் மேலோ படகை ஏற்றும்போது மாற்றுத் துடுப்பைப் படகிலிருந்து கழற்றி வண்டிக்குள் வையுங்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகமாகப் போகும்போது எலாஸ்டிக் காற்றில் அதிர்ந்து தேயும், துடுப்பு நழுவினால் பின்னால் வரும் பைக்காரர் மேல்தான் விழும். கழற்றிய துடுப்பு வீட்டிலேயே தங்கிவிடாமல் இருக்க, இறக்கும் இடத்தில் லைஃப் ஜாக்கெட் போடுவதற்கு முன்பே அதைப் பூட்டிவிடுங்கள்.

திரும்பியதும் எலாஸ்டிக், மிதவை, உறை எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில்தான் ரப்பருக்கு எமன். கயிற்றை இழுத்துவிட்டதும் பழைய நீளத்துக்குத் திரும்பவில்லை என்றாலோ, பின்னலுக்குள் ரப்பர் இழைகள் நொறுங்கும் சத்தம் கேட்டாலோ அன்றே மாற்றுங்கள். சென்னை வெயிலில் அது ஒரு கோடையைத் தாண்டினால் பெரிது, ஆகவே ஒவ்வோர் ஆண்டும் பருவமழை முடிந்து தை பிறக்கும்போது புதுக் கயிறு கட்டிவிடுவது எளிது. சைக்கிள் டியூப் பட்டை வெடிப்பு விட்டு ஒட்டத் தொடங்கியிருந்தால் அதையும் அப்போதே உரித்துவிட்டு, புதிதாகச் சுற்றுங்கள்.